வள்ளை வளர்ப்போம்

நமது விடுதி உணவுக் கூடத்தில் வாரத்தில் இரண்டு நாளேனும் ஒரு கீரை பரிமாறுவார்கள். கடுகெண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கியிருப்பார்கள். இலை வெந்து குழைந்திருக்கும். தண்டு மட்டும் பல்லில் நறுக்கென்று கடிபடும். "கல்மி ஷாக்" என்பது அதன் பெயர். வங்க மொழியில் ஷாக் என்றால் கீரை. தெற்கிலிருந்து கொல்கத்தாவிற்குப் படிக்க வந்த நம்மவருள் பலர், கடுகெண்ணெய் நாற்றத்திற்கு அஞ்சி அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். முதலாண்டில் நானும் அப்படி ஒதுக்கியவன்தான்.

ஒரு நாள் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு கொடியைக் கொடுத்து, இன்னதென்று கண்டுபிடித்து எழுதச் சொன்னார்கள். துளையுள்ள தண்டு, அம்பின் தலை போன்ற இலை, புனல் போன்ற பூ. இவற்றைக் கொண்டு ஐப்போமியா அக்வாட்டிகா என்று எழுதினேன், சரி என்றார்கள். "நீங்கள் தினம் தின்னும் கல்மிதானே!" என்று வங்க நண்பர்கள் சிரித்தார்கள். இதற்குத் தமிழ்ப் பெயர் என்ன என்று அறிய விரும்பி, அன்று மாலை அகராதியைப் புரட்டினேன். வள்ளை என்றிருந்தது.

நண்பர்களே, அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. பள்ளியில் அகநானூற்றின் 46ஆம் பாட்டைப் படித்திருக்கிறேன். அள்ளூர் நன்முல்லையார் பாடியது அது. ஊர் உறங்கும் இரவில் ஓர் எருமை கட்டிய கயிற்றை அறுத்துக்கொள்கிறது. முள்வேலியைக் கொம்பால் விலக்குகிறது. மீன்கள் வெருண்டோட நீரில் இறங்கி, வள்ளைக் கொடியைக் கலக்கிவிட்டுத் தாமரையைத் தின்கிறது. வள்ளையின் தண்டு துளையுள்ளது என்பதையும் அப்புலவர் சொல்லாமல் விடவில்லை. தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த பொருளோ, "வள்ளை: ஒருவகை நீர்க்கொடி" என்பது மட்டுமே. அந்த ஒரு வரிக்கு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் என் தட்டிலேயே வள்ளை வந்து கிடந்தபோது அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊர் வாய்க்காலில் தூர் வாரும்போது கரையில் குவியல் குவியலாக எடுத்துப் போடும் கொடிகளுள் இதுவும் ஒன்று. அங்கே எவரும் இதன் பெயரை எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வந்து, வேற்று மொழிப் பெயரால் அதைத் தெரிந்துகொண்டு, பிறகு தமிழ்ப் பெயருக்குத் திரும்பினேன். "ஒருவகைக் கொடி" என்று இனி எழுதக் கூடாதென்று அன்று முடிவு செய்தேன். எதையும் நன்றாக அறிய வேண்டுமானால் வளர்த்துப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி ஏது? விடுதியின் பின்புறத்தில் ஒரு தொட்டி வைத்து வள்ளை வளர்க்கத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளில் நான் அறிந்ததையும், செய்த பிழைகளையும் இங்கே சொல்கிறேன்.

வள்ளை என்பது எது?

சருக்கரைவள்ளிக் கிழங்கும் வள்ளையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டின் பூக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தவை என்பது விளங்கும். அறிவியல் உலகில் இதற்கு இப்பெயரைத் தந்தவர் பேத்தர் போர்ஸ்கால் என்னும் தாவரவியலார். அவர் அரபு நாட்டுப் பயணத்தில் 1763ஆம் ஆண்டு ஏமன் நாட்டில் மலேரியாவால் இறந்தார். அவருடைய குறிப்புகளை உடன் சென்ற நீபூர் என்பவர் காத்து, 1775ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதில்தான் நம் வள்ளை அறிவியற்பெயர் பெற்றது.

இக்கொடிக்குப் பற்றிழை கிடையாது. ஆகவே பீர்க்கையைப் போலப் பந்தலில் தானே தொற்றி ஏறாது. நீரின்மேல் மிதந்தும் சேற்றில் தவழ்ந்தும் படரும். மிதப்பதற்குக் காரணம் அதன் தண்டுதான். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டு குழாய்போல் இருக்கிறது. அதனுள் காற்று நிறைந்திருக்கிறது. மிதப்பது மட்டுமன்று, அக்காற்றுக்கு வேறொரு பயனும் உண்டு. நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு. சாதாரணச் செடியின் வேர் அங்கே மூச்சு முட்டி அழுகிவிடும். வள்ளை போன்ற நீர்த்தாவரங்கள் தண்டின் காற்றறைகள் வழியாக மேலிருந்து வேருக்குப் பிராணவாயுவை அனுப்புகின்றன. நன்முல்லையார் பாடிய துளை, அக்கொடியின் மூச்சுக்குழல் என்று சொன்னால் மிகையாகாது.

ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும் ஆற்றல் உண்டு. எருமை கலக்கி அறுத்துப் போட்டாலும் ஒவ்வொரு துண்டும் தனிக்கொடியாகிப் பிழைத்துக்கொள்ளும். பூ, விரிந்த புனல் வடிவில் 3 முதல் 5 செ.மீ. அகலம் இருக்கும், வெண்மையாகவோ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தோ மலரும். தொண்டைப் பகுதியில் நிறம் ஆழ்ந்திருக்கும். காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். பழம் புலவர்கள் பெண்ணின் காதுக்கு வள்ளையை உவமை சொல்வார்கள். நெல் குற்றும்போது மகளிர் பாடும் உலக்கைப் பாட்டிற்கும் வள்ளை என்ற பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அத்தகைய பாட்டைக் காணலாம். நம் முன்னோர் வாழ்வில் இச்சொல் எவ்வளவு புழங்கியது என்பதற்கு இவை போதும்.

இன்று வங்காளத்தில் இது கல்மி, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்க்குக் காங்கோங், இலங்கையில் கங்குன். பெயர்கள் பல, கொடி ஒன்றே.

பெயர் ஒன்று, குணம் வேறு

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வங்காளத்தில் "டோல் கல்மி" என்று மற்றொரு செடி இருக்கிறது. குளக்கரையிலும் இருப்புப் பாதை ஓரத்திலும் ஆளுயரத்திற்குமேல் புதராக நிற்கும். வேலிக்காகக் குச்சியை ஒடித்து நட்டாலே தழைத்துவிடும். அதுவும் ஐப்போமியா இனந்தான். ஆனால் நம் நாட்டுச் செடி அன்று. வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊரில் அதை நெய்வேலிக் காட்டாமணக்கு என்பார்கள். அதில் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு இருக்கிறது. அதைத் தொடர்ந்து தின்னும் ஆடுகளுக்கு நரம்பு தளர்ந்து, தலை நடுங்கி, நடை தடுமாறும்.

கல்மி என்ற பெயரை மட்டும் நம்பிப் போகிறவன் எதைப் பறித்து வருவான்? ஆகவே வேறுபாட்டைக் கண்ணால் அறிந்துகொள்ளுங்கள். வள்ளை தரையிலும் நீரிலும் படரும். டோல் கல்மி நிமிர்ந்து நிற்கும். வள்ளைத் தண்டு விரலால் நசுக்கினால் நொறுங்கும். மற்றதன் தண்டு முற்றி மரம்போல் ஆகும். வள்ளையின் இலை அம்புபோல் ஒடுங்கியது. மற்றதன் இலை இதய வடிவில் அகன்று, உள்ளங்கையை மறைக்கும். அதன் பூவும் வள்ளைப் பூவைவிடப் பெரிது. உடைத்தால் பால் வடிவது இரண்டிற்கும் பொது. அதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

நான் செய்யவிருந்த பிழை

வள்ளையைக் கண்டுகொண்ட உற்சாகத்தில் நான் செய்யத் துணிந்த ஒரு காரியத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. நம் சங்கத்தில் ஞாயிறு விருந்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்பர்களுக்குச் சங்ககாலக் கீரையில் பாசிப்பருப்புக் கூட்டு செய்து படைக்கலாமென்று நானும் என் அறைத்தோழனும் திட்டமிட்டோம். சாலையோரப் பள்ளம் ஒன்றில் வள்ளை செழித்துக் கிடந்தது. இலை பச்சைப் பசேலென்றிருந்தது. ஒரு பூச்சி கடித்த தழும்புகூட இல்லை. இரண்டு பை நிறையப் பறித்து வந்தோம்.

விடுதித் தோட்டக்காரர் எங்களை வழியில் நிறுத்தினார். எல்லாரும் அவரைத் தாதா என்றுதான் அழைப்பார்கள். வங்க மொழியில் அது அண்ணன் என்று பொருள்படும். "இதை எங்கே பறித்தாய், தம்பி?" என்று கேட்டார். இடத்தைச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் எங்களை அங்கேயே திரும்ப அழைத்துச் சென்றார். பள்ளத்தின் மேல்முனையில் பழைய மின்கலங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஒரு கொட்டகை இருந்தது. அங்கிருந்து கழுவிவிட்ட நீர் நேரே பள்ளத்தில் வந்து இறங்கியது. "கல்மிக்கு நல்ல நீர் கெட்ட நீர் தெரியாது. கொடுத்ததைக் குடிக்கும்" என்றார்.

ஈயத்தைப் பற்றி வகுப்பில் குறிப்பெடுத்த நான், அதைத் தோட்டக்காரரிடம் கற்றுக்கொண்டேன். பைகளைக் குப்பைக்கு அனுப்பினோம். அந்த ஞாயிறன்று விருந்தில் கத்தரிக்காய்க் கூட்டு நடந்தது. ஏன் என்று அப்போது யாருக்கும் சொல்லவில்லை; இப்போது சொல்கிறேன்.

அவர் சொன்னது முழு உண்மை. ஈயம், காட்மியம், பாதரசம் முதலியவற்றை வள்ளை நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தன்மை கெட்ட குணம் என்று சொல்லிவிட முடியாது. கழிவுநீரைத் தூய்மை செய்ய வள்ளையைப் பயன்படுத்தலாமா என்றும் ஆராய்ந்து வருகிறார்கள். கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள நீர்நிலங்கள் 2002ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே நகரத்துக் கழிவுநீரை வெயிலும் பாசியும் பக்குவப்படுத்த, அதில் மீன் வளர்க்கிறார்கள். நீர்நிலம் நீரைத் தூய்மை செய்யும் என்பதற்கு அது பெரிய சான்று. ஆனால் நீரைத் தூய்மை செய்யும் கொடியையே கறியாகவும் சமைப்பது அறிவுடைமை ஆகாது. நீரிலிருந்து நீங்கிய நஞ்சு எங்கே போயிற்று? கொடிக்குள்தானே போயிற்று! எவ்வளவு கழுவினாலும் வேகவைத்தாலும் உலோகம் நீங்காது.

மற்றோர் அபாயம் சமைத்தால் நீங்கக்கூடியது. குடலில் வாழும் பெரிய தட்டைப்புழு ஒன்று உண்டு. 1843ஆம் ஆண்டில் இலண்டனில் இறந்த ஓர் இந்திய மாலுமியின் குடலில் ஜார்ஜ் பஸ்க் என்னும் மருத்துவர் அதைக் கண்டார். கிழக்கு இந்தியாவிலும் அப்புழு உண்டு. அதன் இளம் பருவம் நத்தைக்குள் வளர்ந்து, பிறகு நீர்த்தாவரங்களின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பச்சையாகத் தின்பவர் வயிற்றுக்குள் போகும். ஆகவே வள்ளையைப் பச்சையாகத் தின்ன வேண்டா; நன்றாக வேகவைத்தால் இந்த அச்சமில்லை.

இதிலிருந்து நமக்கு விளங்குவது யாது? வள்ளை உணவாவதும் நஞ்சாவதும் அது நிற்கும் நீரைப் பொறுத்தது. நாம் நம்பும் நீரில் நாமே வளர்த்தால், நம்பி உண்ணலாம்.

தொட்டியும் மண்ணும்

சுமார் 60 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டி போதும். சிமெண்டுத் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ எதுவாயினும் சரி; அடியில் ஓட்டை இருக்கக் கூடாது. பழைய சாயப் பீப்பாய், எண்ணெய்ப் பீப்பாய், மின்கலப் பெட்டி ஆகியவை ஆகவே ஆகா. நாளில் 6 மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள். நிழலில் கொடி நீளும். இலை சிறுத்துப் பூ அரிதாகும்.

பாதியளவு மண் இடுங்கள். களிப்பான தோட்டமண் நல்லது. சாலையோர மண்ணும், பழைய சுண்ணமும் வண்ணமும் உதிர்ந்த சுவரடி மண்ணும் வேண்டா. நன்கு மக்கிய சாணஎரு இரண்டு கையளவு அடிமண்ணில் கலந்தால் போதும். எரு மிகுந்தால் நீர் கெட்டு நாறும். இலை பெருகிப் பூ குறையும்.

நீருக்கு மழைநீரே தலைசிறந்தது. அடுத்தது மாநகராட்சிக் குழாய்நீர். ஆழம் குறைந்த குழாய்க்கிணற்று நீரில் எச்சரிக்கை வேண்டும். வங்காளத்தின் பல மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருக்கிறது. வள்ளை அதையும் உறிஞ்சும்.

நடுகை

விதையும் முளைக்கும், ஆனால் தண்டே விரைவு. கடைத்தெருவில் கீரைக்கட்டு வாங்கும்போது தடித்த, முற்றிய தண்டுகளை எடுத்து வையுங்கள். 25 அல்லது 30 செ.மீ. நீளத்திற்கு நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி சாய்வாக ஊன்றுங்கள். ஒரு தொட்டிக்கு ஐந்தாறு தண்டு போதும். முதலில் மண்ணின்மேல் 3 செ.மீ. நீர் நின்றால் போதும். ஒரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். கொடி நீள நீள நீரை 10 செ.மீ. வரை உயர்த்தலாம்.

கடையில் வாங்கிய கீரை எந்த நீரில் வளர்ந்ததோ என்ற ஐயம் எழலாம். நியாயமான ஐயம்தான். ஆகவே நட்ட தண்டையும் அதில் முதலில் வரும் தளிரையும் உண்ணாதீர்கள். முதல் தளிர்களை வெட்டி, மீண்டும் தழைப்பதிலிருந்து கறிக்கு எடுங்கள். அது உங்கள் தொட்டியின் மண்ணும் நீரும் கொண்டு வளர்ந்தது.

கோடையிலும் மழைக்காலத்திலும் இதன் வளர்ச்சி வியப்பூட்டும். ஐந்தாறு வாரத்தில் முதல் வெட்டு வரும். நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு வெட்டுங்கள். அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டுவையுங்கள். வெட்டிய இடத்திற்குக் கீழே பக்கக் கிளைகள் எழும்.

கொசுவும் மீனும்

என் முதல் தொட்டி மூன்று மாதந்தான் வாழ்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் டெங்குக் காய்ச்சல் பரவியது. விடுதிக் காப்பாளர் ஒருநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றி வந்தார். தேங்கிய நீரைக் கண்டதும், "இதை இப்பொழுதே கவிழ்த்துவிட வேண்டும்" என்றார். நான் வகுப்பிலிருந்து திரும்பியபோது வள்ளை வெயிலில் வாடிக் கிடந்தது. எனக்குச் சினம் வந்தது. ஆனால் கவிழ்த்த இடத்தில் எஞ்சியிருந்த சிறு குட்டையை உற்று நோக்கினேன், கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. காப்பாளர் செய்ததே சரி. என் விடுதியில் அந்த மாதம் இருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அவர்களுள் ஒருவன் என் அறைத்தோழன். என் தொட்டிக் கொசுதான் அவனைக் கடித்ததா என்பதை யார் அறிவார்? அந்த எண்ணம் பல நாள் என்னை விட்டு நீங்கவில்லை.

டெங்குக் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ போதும். ஆகவே வெறும் நீர்த்தொட்டி வைப்பது அண்டை அயலாருக்குச் செய்யும் தீங்கு. இதற்கும் வழி சொன்னவர் தோட்டக்கார தாதாதான். "நீருக்குள் தேச்சோக்கா விடு" என்றார். அது வங்காளத்துக் குளங்களிலும் வயல்களிலும் வாழும் விரல் நீள மீன். தலையின் உச்சியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதனால் மூன்று கண்ணுள்ளது என்னும் பொருளில் இப்பெயர் வந்தது. அறிவியலில் இது அப்ளோகைலஸ் பஞ்சாக்ஸ். எப்பொழுதும் நீரின் மேற்பரப்பை ஒட்டியே நீந்துவதால், அங்கே மூச்சுவிட வரும் கொசுப்புழு தப்புவதில்லை.

கொசு ஒழிப்பிற்கென்று வெளிநாட்டுக் கம்பூசியா மீனையும் சிலர் விடுகிறார்கள். அது வெள்ளத்தில் தப்பிக் குளங்களை அடைந்தால் நம் நாட்டு மீன்குஞ்சுகளுக்குப் பகையாகும். நாட்டுக் கொடிக்கு நாட்டு மீனே பொருத்தம். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஐந்தாறு மீன்களை விடுங்கள். துள்ளிக் குதிக்கும் மீன் இது. ஆகவே நீர்மட்டம் விளிம்பிற்கு நான்கு விரற்கடை கீழே இருக்கட்டும். கொடி அடர்ந்து நீரை முழுவதும் மூடிவிடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள். மூடிய இடத்தில் மீன் நுழையாது, புழு ஒளிந்துகொள்ளும். மீன் விட்டபின் எந்தப் பூச்சிமருந்தும் தெளிக்கக் கூடாது.

இரண்டாம் தொட்டியை வைக்குமுன் காப்பாளரிடம் சென்று அனுமதி கேட்டேன். மீனைக் காட்டினேன். வாரம் ஒருமுறை அவரே வந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீரை முகந்து பார்ப்பது என்று உடன்பாடு ஆயிற்று. இன்றுவரை கிண்ணத்தில் ஒரு புழுவும் அகப்படவில்லை. மீன் கிடைக்காதவர்கள் நீரைத் தேக்காமல், மண் எப்பொழுதும் சொதசொதவென்று ஈரமாக இருக்கும்படி மட்டும் நீர் ஊற்றலாம். வள்ளை அதிலும் வளரும்; கொசுவுக்கு இடமிராது.

பூக்கும் காலம்

பூ வேண்டுமானால் செப்டம்பர் மாதத்தோடு வெட்டுவதை நிறுத்துங்கள். பகல் குறுகி இரவு நீளத் தொடங்கும்போதுதான் வள்ளை பூக்க முனைகிறது. துர்க்கை பூசை விடுமுறை முடிந்து திரும்பும்போது அரும்புகள் முறுக்கிய குடைபோல் நிற்கும். நீரின்மேலும் தொட்டி விளிம்பிலும் கொடியை வழியவிட்டால் பூக்கள் கண்ணுக்கு எதிரே மலரும். தேனீக்கள் காலையிலேயே வந்துவிடும். பத்து மணி வரை உறங்கும் நண்பர்களுக்கு இக்காட்சி கிட்டாது என்பதை வருத்தத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளங்கள் தோன்றினால் அது வெண்துரு என்னும் பூசண நோய். அவ்விலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, கொடியைக் கலைத்துக் காற்றோட்டம் உண்டாக்குங்கள். பொன்போல் மின்னும் ஆமை வண்டு இலையைத் துளைத்துத் தின்னும். கையால் பொறுக்கி எடுத்தால் போதும்.

குளிரை வள்ளை விரும்பாது. கொல்கத்தாவின் சனவரியில் உறங்கியதுபோல் நின்றுவிடும், ஆனால் சாகாது. தில்லியிலும் காசியிலும் படிக்கும் நண்பர்கள், திசம்பருக்குள் இரண்டு தண்டுகளை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் இட்டு, சன்னலோரம் அறைக்குள் வைத்துக் காப்பாற்றலாம். நீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அங்கும் கொசு வரும் அன்றோ?

எல்லையும் வேண்டும்

வள்ளைக்கு எல்லை வகுப்பதும் நம் கடமை. வெட்டிய கழிவை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு கொடி என்பதை முன்னரே சொன்னேன். வெயிலில் நன்றாக உலர்த்தியபின் எருக்குழியில் இடுங்கள். இங்கே எருமையும் பூச்சியும் நோயும் மனிதனும் சேர்ந்து அதை அளவோடு வைத்திருக்கிறார்கள். வேற்று நாட்டில் அந்தக் காவல் இல்லை. அமெரிக்க நாட்டில் வள்ளையைத் தீங்குக் களைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அனுமதியின்றிக் கொண்டுபோவது குற்றம். மேற்படிப்புக்கு அங்கே செல்லும் அன்பர்கள், ஊர் நினைவாகப் பெட்டியில் வள்ளை விதை வைத்துக்கொள்ள வேண்டா. தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நம் குளங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதைக் கண்ணால் காண்கிறோம். நம் வீட்டுக் கொடி பிறர் வீட்டில் வெங்காயத்தாமரை ஆகிவிடக் கூடாது.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, என் தொட்டியில் பதினொரு பூக்கள் ஒருசேர மலர்ந்திருந்தன. அறைத்தோழனை எழுப்பிக் கொண்டுவந்து காட்டினேன். ஒரு தண்டை ஒடித்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதன் ஒரு முனையை வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். கணு அடைத்திருந்ததால் காற்று போகவில்லை. கணுவுக்கு மேலே நறுக்கிக் கொடுத்தேன். மறுமுனையில் காற்று வந்தது. இருவரும் சிறு பிள்ளைகளைப்போல் சிரித்தோம். அந்த வாரம் நம் சங்கத்து ஞாயிறு விருந்தில் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு வள்ளைக் கூட்டு செய்தோம். உண்டவர்களுக்குக் கீரையின் தமிழ்ப் பெயரையும் சொல்லியே பரிமாறினேன்.

அடுத்த நடுகைக் காலம் பங்குனி மாதம். வெயில் ஏறத் தொடங்கும் அந்நாளில் என் தொட்டியில் நறுக்குவதற்குத் தண்டுகள் இருக்கும். வேண்டுவோர் விடுதியின் பின்புறத்துக்கு வந்து கேளுங்கள்; ஆளுக்கு ஐந்து தண்டு தருகிறேன். மீனுக்குத் தாதாவைக் கேளுங்கள். காப்பாளரிடம் அனுமதி கேட்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.